தாழ்மையுடன் ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினர் சமூகத்திற்கு,

தருமபுரி மாவட்டத்து அலுவலகம் ஒன்றின் இளநிலை உதவியாளர் எழுதிக்கொள்வது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாற்காலி இங்கேயே இருக்கும், எனக்கு மாற்றல் வந்துவிடும்.

தாங்கள் மனமுவந்து வாங்கி அனுப்பிய சுழல் நாற்காலி வந்து சேர்ந்தது. காலை பத்து மணிக்கு அதில் தாசில்தார் உயரத்தில் அமர்கிறேன். பதினொன்றரைக்குத் துணைத் தாசில்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆர்.ஐ. மூன்று மணிக்கு வி.ஏ.ஓ. ஐந்து மணிக்குத் தலையாரி. சர்வீஸ் முழுக்க ஏற வேண்டிய படிகளை ஒரே பகலில் இறங்கிப் பார்க்கும் பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? (தலையாரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நாற்காலியே கிடையாது என்பது தெரியும்.)

சென்ற திங்கட்கிழமை, நான் வி.ஏ.ஓ.வுக்கும் தலையாரிக்கும் நடுவில் இருந்தபோது, பாலக்கோட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவர் மேசைமேல் எட்டிப் பார்த்து, “ஏங் கண்ணு, கீழ என்னா தேடற? ஆபீசரு எங்க?” என்றார். வரிசையே சிரித்தது. ரப்பர் ஸ்டாம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் குத்தி மனுவை வாங்கிக்கொண்டேன்.

குற்றம் நாற்காலியுடையது அல்ல. அதன் நடுத்தண்டில் நைட்ரஜன் அடைத்திருக்கும். சீல் மட்டமானதாக இருந்தால் வாயு மெல்லக் கசியும், ஆள் இறங்குவார். டெண்டரில் ஆகக் குறைந்த விலை சொன்ன எல்-1 கொடுத்த நாற்காலி குறைந்துகொண்டே வருவதில் என்ன ஆச்சரியம்? 2021இல் கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. ஆனால் உட்கார்ந்தவர் அதே உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தங்கள் கூர்மை அந்த ஓட்டையைக் கண்டுகொண்டது.

வேலை நாற்காலிக்கென்றே ஐ.எஸ். 17631 என்ற தரநிலை 2022இலேயே வந்தாயிற்று. டெண்டர் நிபந்தனையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க மையா தீர்ந்துவிட்டது? நாள் முழுக்க ஒருவர் உட்காரப் போகும் பொருளில் வாங்குமுன் உங்களில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்தீர்களா? அதிகாரி அறைக்கு மட்டும் உயர்ந்த முதுகு, மேலே டர்க்கி டவல். அதை வாங்கும்போது எல்-1 எங்கே போனார்? அந்தப் பாட்டி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எந்த விலையிலும் நீங்கள் ஒரு நாற்காலி வாங்கவில்லை.

மன்னிக்கவும், இடுப்பு வலி பேசிவிட்டது.

தங்கள் சிக்கனத்துக்கு வரலாற்றுச் சான்றே உண்டு. 1792 முதல் 1799 வரை பாராமகால் நிர்வாகத்தில் இருந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் அவர் சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. நம்மூரில் வேலை பார்த்தவருக்கு இருக்கை எப்படி வாய்க்கும் என்பது 1839இல் அதை நிறுவியவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஆனாலும் அந்தக் குதிரை சாயங்காலத்தில் தலையாரி உயரத்துக்கு இறங்குவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதற்கு முன் எனக்கு ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. பிரம்பு தொய்ந்தால் பார்வையற்ற கைவினைஞர் ஒருவர் வந்து, வராந்தாவில் அமர்ந்து, ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்த்து, இழுத்துப் பின்னிக் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு வருடக்கணக்கில் பேச்சே இருக்காது. அதைக் கண்டம் செய்து ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் ஏலத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஏலத்தில் கலந்துகொள்ள எனக்கு அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சொந்தப் பணம்தான். ஆகக் குறைந்த விலை கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
இளநிலை உதவியாளர்
(எழுதி முடித்த நேரம் மாலை 4.40. வி.ஏ.ஓ.வைத் தாண்டிவிட்டேன்.)