இறந்தவருக்கும் கொஞ்சம் இடம்

அனுப்புநர்: ஃபிளக்ஸ் கடை டிசைனர், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: கண்ணீர் அஞ்சலிப் பொறுப்பாளர் அவர்கள், அனைத்துக் கட்சித் தலைமை அலுவலகங்கள்.

பொருள்: அஞ்சலி பேனரில் இறந்தவருக்கு இடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2015 ஜூலை 27 மாலை, ஷில்லாங் ஐஐஎம்மில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்த அப்துல் கலாம் மேடையிலேயே சரிந்தார். அன்றிரவே என் கடை போன் அடிக்கத் தொடங்கியது. எனக்கும் அழ வேண்டும்போலத்தான் இருந்தது, ஆர்டர் விடவில்லை.

இருபதுக்குப் பத்து பேனர். மேல் வரிசையில் தலைவர்கள். வலப்பக்கம் ஆளுயரத்துக்கு மாவட்டம். கீழே ஒன்றியம், நகரம், வட்டம், இளைஞரணி என பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். மிச்ச மூலையில் கலாம்.

"அண்ணே, மாவட்டம் சிரிக்கிறாரே. துக்க பேனராச்சே?"

"பொறந்தநாளுக்கு எடுத்த படம் தம்பி, அதுலதான் அம்சமா இருக்காரு. இன்னும் ரெண்டு வட்டம் பாக்கி இருக்கு, கலாமைக் கொஞ்சம் சின்னதாக்கு."

சின்னதாக்கினேன். கடைசியில் அந்த முடியை வைத்துத்தான் ஆள் இன்னாரென்று தெரிந்தது.

30ஆம் தேதி எங்கள் மாவட்டத்துப் பேக்கரும்பில் அடக்கம். பிரதமர் மோடியும் வந்தார், ராகுல் காந்தியும் வந்தார். பரவாயில்லையே என்று நினைத்தேன். 2017இல் அங்கே நினைவிடம் திறந்தார்கள். வீணை வாசிக்கும் கலாம் சிலை, பக்கத்தில் பகவத் கீதை. கீதை மட்டும் ஏன் என்றது ஒரு தரப்பு. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றது மறுதரப்பு. இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. குர்ஆன், கீதை, குறள் எல்லாம் படித்த மனிதர் அவர். அவரிடம் இருந்தவரை அந்தப் புத்தகங்கள் சண்டை போட்டதாகத் தகவல் இல்லை.

அரசியலே கூடாது என்று சொல்லவில்லை ஐயா. 2002இல் பாஜக கூட்டணி அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியது, காங்கிரஸும் ஆதரித்தது. இடதுசாரிகள் எதிர்த்து கேப்டன் லட்சுமியை நிறுத்தினார்கள். முறையான போட்டி. அதற்குத் தேர்தல் இருக்கிறது. எழவு வீடு எதற்கு?

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. பேனரில் இறந்தவருக்கு 33 சதவீத இட ஒதுக்கீடு.

2. சிரிக்காத படம் ஒன்றை ஒவ்வொரு நிர்வாகியும் கைவசம் வைத்திருத்தல்.

3. "எங்கள் கொள்கை வழி நடந்தவர்" என்ற வரிக்கு, இறந்தவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம்.

எங்கள் ஊரில் இறந்தவரைச் சுமந்து சந்தூக்கு போகும்போது நாலு எட்டுக்கு ஒருவராகத் தோள் மாற்றிக்கொள்வார்கள். யாரும் துண்டின் கரையைப் பார்த்துத் தோள் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
டிசைனர்

பி.கு.: அந்த பேனர் பிறகு எதிர்த்த டீக்கடைக்குக் கூரையானது. கலாம் இருந்த மூலை மடிப்புக்குள் போய்விட்டது. டீ குடித்துவிட்டு அண்ணாந்தால், மாவட்டம் சிரித்துக்கொண்டிருந்தார்.