ஒற்றை விதிக் கல்லூரியின் மரபியல்

எந்த விலங்கின் குட்டியை எப்பெயரால் அழைப்பது என்பதற்கெல்லாம் தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் கடைசியில் மரபியல் என்றோர் இயல் வகுத்தார். கல்லூரிப் பிள்ளை எந்த ஆண்டில் எந்த நிறத் தொப்பி போட வேண்டும் என்பது அவர் காலத்தில் எழாத சிக்கல். அக்குறையை நிரப்ப இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கிராஃபோர்ட்ஸ்வில் என்னும் சிற்றூர். அங்கே 1832-ல் தொடங்கியது வாபாஷ் கல்லூரி. மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. அத்தனை பேரும் ஆண்கள். இலக்கியம் படிப்பவன் வேதியியலையும், வேதியியல் படிப்பவன் மெய்யியலையும் எட்டிப் பார்த்தாக வேண்டிய லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு. ஆண்களுக்கு மட்டுமான இவ்வகைக் கல்லூரிகள் அந்நாட்டில் அருகிவிட்டன. வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்-சிட்னி, மார்ட்டின் லூதர் கிங் படித்த அட்லாண்டா மோர்ஹவுஸ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்களைச் சேர்ப்பதா என்று வாபாஷ் அறங்காவலர்கள் 1992-ல் கூடி ஆராய்ந்து, வேண்டாம் என்று கலைந்தார்கள். ஆய்வாளர் அவ்வூருக்கு நேரில் போனாரா என்று கேட்பவருக்கு விடை: புறத்திணைக்கு உரை எழுத நச்சினார்க்கினியர் எந்தப் போர்க்களத்துக்குப் போனார்?

ஆசிரியர் ஒழுக்கம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. வருமானால் கவிஞர் எஸ்ரா பவுண்டைப் பற்றி ஓர் இயல் எழுத வேண்டியிருக்கும். 1907-ல் இங்கே மொழியாசிரியராக வந்த அந்த இளைஞரின் வாடகை அறையில் ஒரு பெண் தங்கியிருந்ததை வீட்டுக்காரம்மாள் கண்டு சொல்ல, சில மாதத்திலேயே வேலை போயிற்று. 1908-ல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். நவீன ஆங்கிலக் கவிதை அந்த வீட்டுக்காரம்மாளுக்குப் பட்ட கடன் தனி ஆய்வுக்குரியது.

இனி நூற்பா.

எழுதிய விதி குறைய, எழுதா விதி பெருகும்.

இதன் பொருள்: நம்மூர் விடுதிகளில் அறிவிப்புப் பலகை கொள்ளாமல் விதிகள் தொங்கும். வாபாஷில் மாணவர் நடத்தைக்கு எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். வாபாஷ் மாணவன் வளாகத்துக்குள்ளும் வெளியிலும் எப்போதும் பண்பாளனாகவும் பொறுப்புள்ள குடிமகனாகவும் நடந்துகொள்வான் என்பது அது. ஜென்டில்மேன் ரூல் என்பார்கள். இத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்பு என்றோ, இங்கே உட்காராதே என்றோ அதில் இல்லை. இப்படி ஒரு வெற்றிடம் கிடைத்தால் பத்தொன்பது வயதுப் பையன்கள் சும்மா இருப்பார்களா? தமக்குத் தாமே சட்டம் இயற்றிக்கொண்டார்கள். எந்த முதல்வரும் துணிந்து எழுதியிருக்க மாட்டாத சட்டங்கள்.

தொப்பியை எடுத்துக்கொள்வோம். அங்கே அதற்குப் 'பாட்' என்று பெயர். மாணவர் சேர்ந்து வாழும் விடுதிச் சங்கங்களில் புதிதாகச் சேரும் முதலாண்டுக்காரன் தலையில் பச்சைப் பாட். ஸ்ஃபிங்ஸ் கிளப் என்னும் மரபுக்காவல் சங்கத்தார் தலையில் வெள்ளைப் பாட். விழா நாள்களில் சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட முழுநீளக் காற்சட்டையும் உண்டு. வெட்சியார் வெட்சிப்பூவும் கரந்தையார் கரந்தைப்பூவும் சூடினர் என்று படித்தவருக்கு இது புதிதன்று. பூ வாடும், தொப்பி வாடாது என்பதே வேறுபாடு.

பாட்டுதான் இவ்வாய்வின் உயிர்நிலை. 'ஓல்ட் வாபாஷ்' என்னும் கல்லூரிப் பாட்டு, அமெரிக்கக் கல்லூரிகளின் உற்சாகப் பாட்டுகளில் மிக நீண்டவற்றுள் ஒன்று எனப் பெயர் பெற்றது. பழைய மாணவர் திரும்பி வரும் ஹோம்கமிங் வாரத்தில் விடுதிச் சங்கங்களின் புதியவர்கள் தேவாலயக் கட்டடத்தின் முன்னே கைகோத்து வரிசையாக நின்று அதைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். முக்கால் மணி நேரம். சேப்பல் சிங் என்பது இச்சடங்கின் பெயர். 'பாடுதல்' என்றது மங்கல வழக்கு, நடப்பது கத்துதல். வரிக் காற்சட்டைக்காரர்கள் ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொண்டுபோய் அடி பிசகுகிறதா என்று பார்ப்பார்கள். பிசகாதவனைக் குழப்ப அவன் முகத்துக்கு நேரே கூச்சலும் போடுவார்கள்.

பிசகியவனுக்கு முற்காலத்தில் தலைமுடியில் 'டபிள்யூ' எழுத்தை மழித்து விட்டார்கள். பிற்காலத்தில் இரக்கம் சுரந்து, எழுத்தைச் சட்டையில் சிவப்புப் பெயிண்டால் எழுதலானார்கள். தண்டனை தணிந்தது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? மழித்த முடி வளரும், பெயிண்டு போகாது.

இவ்வளவு சிறிய கல்லூரிக்கு இவ்வளவு நீளப் பாட்டு ஏன் என்பது அடுத்த வினா. ஆள் குறைந்த வீட்டுக் கல்யாணத்தில் மேளத்தை ஓங்கி அடிப்பார்கள், அதே கணக்குத்தான். கல்லூரி அணிகளுக்கு லிட்டில் ஜயண்ட்ஸ் என்று பெயர் இருப்பதும் இக்கருத்துக்கு அரண் செய்யும்.

இதே வாரத்தில் ஹோம்கமிங் ராணிக்கும் போட்டி உண்டு. ராணி வேண்டும், பெண் மாணவர் இல்லை. முதலாண்டுப் பையன்கள் கவுன் மாட்டி, உதட்டுச்சாயம் பூசி வந்து நிற்பார்கள். ஸ்திரீபார்ட் போட்டு ஊரையே அழவைத்த நம் நாடக நடிகர்களின் நளினத்தை இவர்களிடம் எதிர்பார்ப்பது தவறு. அறங்காவலர் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் அரங்கில் பெண் தேவைப்படுகிறாள் என்பதை மட்டும் ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார்.

இம்மரபில் வரும் மணிகள் இரண்டு. சிறியது கைமணி. முதல் ஆசிரியர் கேலப் மில்ஸ் 1833-ல் முதல் வகுப்புக்கு மாணவரை அழைக்க அடித்தது. அதை அடித்தே இன்றும் புதியவரை உள்ளே அழைக்கிறார்கள். பட்டம் பெறுபவரை வெளியே அனுப்புவதும் அதே ஓசையோடுதான். இதில் வம்பு எதுவுமில்லை. ஆகவே ஆய்வுக்கும் உதவாது.

பெரியது மோனன் மணி. மோனன் ரயில்வேயின் எஞ்சின் ஒன்றிலிருந்து வந்தது; எடை ஏறத்தாழ 300 பவுண்டு. 27 மைல் தொலைவில் கிரீன்காசில் ஊரில் இருக்கும் டிபா பல்கலைக்கழகத்தோடு 1890 முதல் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பகைக்கு 1932-ல் பரிசாக வாய்த்தது. ஒரு பாதி வாபாஷின் சிவப்பு, மறுபாதி டிபாவின் பொன்னிறம். மணிக்காக நடந்த முதல் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. பரிசு வந்த அன்றே வென்றவர் எவருமில்லை! தும்பை உண்டு, வாகை இல்லை என்று துறை வகுக்கலாம்.

வென்றவர் மணியை வைத்துக்கொள்வது மரபு. தோற்றவர் அதைத் திருடுவது மரபுக்குள் மரபு. பகைவர் ஆநிரையை இரவில் கவர்வது வெட்சி. மணி தானாக நடந்து வராதாகையால், இங்கே வெட்சி மறவருக்கு முதுகுப் பலமும் ஒரு வண்டியும் கூடுதலாக வேண்டும். ஆநிரைக்குப் புல் வேண்டும், மணிக்கு வேண்டாம். ஒளித்துவைப்பதில் அந்த ஆதாயம் உண்டு.

நிரை எங்கே என்று ஒற்றறிந்து வருவது வெட்சியின் துறைகளில் ஒன்று. அதற்கு 1965-ஐப் போல் எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. மணி டிபாவில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. வாபாஷ் மாணவர் ஒருவர் மெக்சிகோவிலிருந்து வந்த பிரமுகர் என்று சொல்லிக்கொண்டு டிபாவுக்குப் போனார். விருந்தினரை மதிக்கும் வீடு அது. அவருக்கு மணி இருக்குமிடத்தைக் காட்டினார்கள். அதன்பின் மணி டிபாவில் இல்லை. இதற்கு 'ஆபரேஷன் ஃபிரிஹோலெஸ்' என்று மெக்சிகோச் சமையலறை மணக்கும் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே நூற்பா கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது. வளாகத்துக்கு வெளியிலும் பண்பாளனாக நடக்க வேண்டும் என்றல்லவா விதி? பொய் சொல்லி மணி இருக்குமிடம் அறிந்தவன் பண்பாளனா? உரையாசிரியர் இரு கட்சியாகப் பிரிவர். விதி மீறப்பட்டது என்பது முதற்கட்சி. அவர்கள் பெரும்பாலும் டிபாவில் படித்தவர்கள். இரண்டாம் கட்சியார் சொல்வது: வந்தவர் வாசல் வழியாக வந்தார், கேட்டதற்கு விடை சொன்னார், காட்டியதைப் பார்த்தார், எந்தப் பூட்டையும் அன்று உடைக்கவில்லை. பொறுப்புள்ள குடிமகன் என்றுதானே விதி சொல்கிறது, எந்த நாட்டின் குடிமகன் என்று அதில் எங்கே இருக்கிறது?