மாப்ளே, கூரையைப் பறக்க விடு!

வா மாப்ளே, உக்காரு. சிங்கப்பூர்லேர்ந்து வந்த கையோட, தாத்தா கட்டுன ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு நீலக் கலர் ஷீட்டு போடப் போறியாமே? உங்கம்மா சொன்னா. சந்தோசம். புயலுக்கும் நம்ம வீட்டு மேல ரொம்ப நாளா ஒரு ஆசை. வேதாரண்யத்துல இருந்துக்கிட்டு அதை வெறுங்கையோட அனுப்பலாமா?

செலவில்லாம முடிக்க வழி சொல்றேன், கேட்டுக்க. ஓரத்துல நெருக்கமா திருகு போடணும்பான் ஆசாரி. கேக்காதே, திருகு என்ன சும்மாவா வருது? நடுவுல நாலு, ஓரத்துல ரெண்டு போதும். 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சே, அப்ப தெக்குத்தெருவுல ஒருத்தன் இப்படித்தான் சிக்கனம் பண்ணியிருந்தான். விடிஞ்சு பாத்தா அவன் ஷீட்டு மூணு கொல்லை தாண்டி இலுப்பை மரத்துல சுத்திக் கெடக்கு. வழியில ஒரு ஆளு நின்னிருந்தா ரெண்டு துண்டு. ஆனா திருகுல மிச்சம் புடிச்சான் பாரு, அதை மறுக்க முடியாது.

என்ன முழிக்கிற? புயல் கூரையை அமுக்கும்னுதானே நெனைச்சுக்கிட்டிருக்க. அது தூக்கும்டா. காத்து சாய்ப்பு மேல வேகமா ஏறிப் போறப்ப மேல அழுத்தம் கொறையும், உள்ள இருக்குற காத்து கூரையை முட்டித் தள்ளும். முகடு, எறவாணம், மூலை, இங்கெல்லாம்தான் இழுப்பு சாஸ்தி. காத்தடிக்கிற பக்கத்துக் கதவு ஒண்ணு தொறந்துக்கிச்சுன்னா முடிஞ்சுது, பஸ் ஸ்டாண்டுல குடை மேல மடங்குமே, அந்தக் கதைதான். வேகம் ரெட்டிச்சா இழுப்பு ரெட்டிக்காது, நாலு பங்காவும். 70 கிலோமீட்டர் காத்துக்கு அசையாத கூரை 140-க்கும் நிக்கும்னு கணக்குப் போட்டேன்னா, உனக்குப் பட்டம் குடுத்த காலேஜுல போயி நான் பீஸைத் திருப்பிக் கேக்கணும்.

"ஓடு மட்டும் பறக்காதா மாமா"ங்கிறியா? பறக்கும். ஆனா ஓட்டுக்கு ஓடு சந்து இருக்கு, அது வழியா அழுத்தம் கொஞ்சம் கசிஞ்சுடும். பத்து ஓடு போவும், கைமரம் நிக்கும். மறுநாள் ஏறி மாத்திக்கலாம். உன் ஷீட்டு போனா முழுசா போவும்.

கூடத்து மேல கெடக்கே சீமை ஓடு, அது 1865-ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க சூளை போட்டு ஆரம்பிச்ச ஜாதி. ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாரு. அடியில மூக்கு மாதிரி ஒரு கட்டை, அதுல சின்னதா ஒரு துளை. மூக்குத்தி போடறதுக்கு விட்ட துளை இல்லடா அது. கம்பி கோத்து ரீப்பரோட கட்டறதுக்கு விட்டது. எறவாணத்து வரிசையும் முகட்டு வரிசையும் கட்டுனாலே பாதிக் கவலை தீந்துச்சு. எந்தக் கொத்தனாரு கட்டுறாரு? "கம்பியெல்லாம் எதுக்கு தம்பி, ஓடு தன் கனத்துலயே நிக்கும்"பாரு. அவரு கனத்துக்கு அவரு நிப்பாரு, ஓடு நிக்காது. அந்தக் காலத்து ஆளுங்க முகட்டு ஓட்டைச் சுண்ணாம்புக் காரையில பதிச்சு, அஞ்சடிக்கு ஒரு பட்டி கோடு மாதிரி ஓட்டு மேலயே இழுத்து விட்டிருப்பாங்க. நீ போட்டோ எடுத்து, அசிங்கமா இருக்குன்னியே, அந்தக் கோடுதான்.

மொட்டை மாடியா போட்டுடலாம்னும் ஒரு யோசனை இருக்கும் உனக்கு. கான்கிரீட்டு பறக்காது, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கனத்தை எது தாங்கும்? தாத்தா வச்ச சுண்ணாம்புச் சுவரா? தாங்குச்சுன்னே வச்சுக்க, உப்புக்காத்து சும்மா இருக்குமா? உள்ள கம்பி துருவேறி ஊதும், காரை பொளந்து சோத்துத் தட்டுல விழும்.

உண்மையிலேயே காசு செலவழிக்க ஆசைன்னா, கண்ணுக்குத் தெரியாத எடத்துல செலவழி. பனங்கையை சுவர்த்தட்டு மரத்தோட ஜி.ஐ. பட்டா போட்டுப் புடி. அந்த மரத்தைச் சுவருக்குள்ள ஆழமா போல்ட்டு எறக்கிக் கட்டு. வெறும் ஆணி இழுப்புக்கு நிக்காது, அதுவும் கடலோரத்து ஆணி நீ தும்முனா கழண்டு வரும். தாவாரத்துக் கூரையைத் தனியா விடு, அது போனாலும் பெரிய கூரையை இழுத்துக்கிட்டுப் போவாது. என்ன ஒண்ணு, கிரகப்பிரவேசத்துக்கு வர்றவன் எவனும் பட்டாவைப் பாத்து, ஆகா அருமைங்க மாட்டான். நீலக் கலரைத்தான் பாப்பான். உன் மச்சான் மட்டும் மேல அண்ணாந்து பாத்துட்டு, "பழசையே வச்சுக்கிட்டானா? சிங்கப்பூர்ல வேலை போயிடுச்சோ"ன்னு கேப்பான்.

வேலையை ஆடிக்குள்ள முடிச்சுக்க. ஐப்பசி பொறந்து ரேடியோவுல புயல் பேரைச் சொல்ல ஆரம்பிச்சப்புறம் ஆசாரி வீட்டுக்குப் போனேன்னா, அவரு உனக்குக் காப்பி குடுப்பாரு, தேதி குடுக்க மாட்டாரு.

என்னடா போனையே பாத்துக்கிட்டிருக்க? ஷீட்டுக்கு ஆர்டர் குடுத்தாச்சா? அப்ப சரி. நான் என்னத்தைச் சொல்லி என்ன. ஆனா ஒண்ணு, பிரிக்கிற ஓட்டை லாரிக்காரன்கிட்ட அள்ளி விட்டுடாதே. என் மாட்டுக் கொட்டாயில வடக்குப் பக்கம் ஒழுவுது, ரொம்ப நாளா நல்ல ஓடு தேடிக்கிட்டிருக்கேன். அந்தத் தேக்கு உத்திரத்தையும் இந்தப் பக்கமா இழுத்துப் போடச் சொல்லிடு. உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே.