ஆண்டிமடத்தில் அசல் ஹாலிவுட் ரசிகராவது எப்படி?

ஆண்டிமடத்தில் இருந்துகொண்டு பழைய ஹாலிவுட் படங்களுக்கு ரசிகராக இருப்பது சுலபமில்லை. இந்தப் பக்கம் போனால் ஜெயங்கொண்டம், அந்தப் பக்கம் போனால் விருத்தாசலம், நடுவில் முந்திரிக்காடு. உங்கள் ரசனைக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. அதனால் முறையான பயிற்சி தேவை. பயப்படாதீர்கள், முக்கால்வாசி நீங்களாகவே செய்துகொண்டிருப்பதுதான். வரிசையை மட்டும் நான் சொல்லித்தருகிறேன்.

1. படத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் பிடித்துப்போகிற ஆபத்து இருக்கிறது. படத்தின் பெயர், ஆண்டு, ஒரு நடிகர், இவ்வளவு போதும். கடைசியில் 'கிளாசிக்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. பார்த்தே தீர வேண்டும் என்றால் பஸ்ஸில், போனில் பாருங்கள். 'பென்-ஹர்' (1959) படத்தின் சட்டகம் உயரத்தைப்போல 2.76 மடங்கு அகலம். போனில் மேலும் கீழும் கறுப்புப்பட்டை போக, நடுவில் மிஞ்சும் கீற்றில் தேரோட்டம் எறும்பு ஊர்வதுபோல நடக்கும். கண்டக்டர் சில்லறை கேட்கும்போது நிறுத்துங்கள். இறங்கியதும் '11 ஆஸ்கர் வாங்கிய படம், சுமார்தான்' என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

3. ஹெப்பர்ன் என்று ஒருவர் பேச்சை எடுத்தால், எந்த ஹெப்பர்ன் என்று கேட்காதீர்கள். 'ரோமன் ஹாலிடே' (1953) ஆட்ரியா, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை நான்கு முறை வாங்கிய கேத்தரினா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 'ஆஹா, அந்தக் கண்கள்!' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இருவருக்குமே கண்கள் உண்டு.

4. எலிசபெத் டெய்லரின் படங்கள் வேண்டாம், கல்யாணங்கள் போதும். எட்டுக் கல்யாணம், ஏழு கணவர்கள். கணக்கு இடிக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். ரிச்சர்ட் பர்ட்டனை இரண்டு முறை மணந்தார் என்று அப்போது போடுங்கள். 'ஹூ இஸ் அஃப்ரைட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்' (1966) படத்தில் அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டால், கல்யாணக் கணக்கு அற்பமாகத் தெரிய ஆரம்பிக்கும். கவனம்.

5. இப்போது முக்கியப் பாடம். வீட்டில் எல்லோரும் டிவியில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) ஓடினால், 'இது 1935இல் எர்ரால் ஃபிளின் நடித்த கேப்டன் பிளட்' என்று அறிவியுங்கள். அடிமையாக விற்கப்பட்ட வைத்தியன் கடல்கொள்ளைக்காரன் ஆகிற கதைதான். 'நாடோடி மன்னன்' (1958) என்றால் 'பிரிசனர் ஆஃப் ஜெண்டா'. 'அன்பே வா' (1966) என்றால் 'கம் செப்டம்பர்'. எம்.ஜி.ஆர். இல்லாத 'குழந்தையும் தெய்வமும்' (1965) ஓடினாலும் விடாதீர்கள், குட்டி பத்மினி இரண்டு பேராக வந்து அழவைக்கிற இடத்தில் குறுக்கே நின்று 'தி பேரன்ட் டிராப்' என்று சொல்லுங்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகுங்கள்.

6. இந்தப் பாடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 'பென்-ஹர்' 1925இல் ஊமைப்படமாக வந்ததைத் திரும்ப எடுத்தது. 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' (1956) எடுத்த செசில் பி. டிமில் 1923இலேயே அதே பெயரில் ஒன்று எடுத்தவர். 'மால்டீஸ் ஃபால்கன்' (1941) கதையை வார்னர் பிரதர்ஸ் எடுத்தது அது மூன்றாவது முறை. 'ஜெண்டா'வை ஊமைப்படக் காலத்திலேயே எடுத்தாயிற்று. 1937இல் ரொனால்டு கோல்மனை வைத்து எடுத்ததை 1952இல் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் மறுபடி எடுத்தார்கள். 'கேப்டன் பிளட்' கூட ஃபிளினுக்கு முன்பே, 1924இல் வந்தாயிற்று. அங்கே செய்தால் அதற்குப் பெயர் ரீமேக். இங்கே செய்தால் காப்பி. இந்த வித்தியாசம் கலைந்தால் உங்கள் தொழில் படுத்துவிடும்.

எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி'யை (1936) இயக்கியவரே எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாமலே 'மந்திரிகுமாரி' (1950) வரை எடுத்துக்கொடுத்தார் என்பதையும் வெளியே விடாதீர்கள். காப்பி அடிக்க வேண்டிய ஊரிலிருந்து ஆளே நேராக வந்து இறங்கியிருக்கிறார் என்று தெரிந்தால் அத்தை சும்மா விடமாட்டார்.

7. சிவாஜி பேச்சு வந்தால் கட்சி மாறுங்கள். இத்தனை நேரம் தமிழ்ப் படத்தைக் கிழித்த நீங்கள், 'மார்லன் பிராண்டோவே சிவாஜிபோலத் தன்னால் நடிக்க முடியாது என்றாராம்' என்று நெஞ்சை நிமிர்த்துங்கள். எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்பவர் தமிழினத் துரோகி. பிராண்டோ நடித்த 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' (1954) பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாடம் ஒன்றைத் திரும்பப் படியுங்கள்.

8. 'சைக்கோ' வந்தபோது (1960), படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று ஹிட்ச்காக் கட்டளை போட்டார். உங்களை அது கட்டாது. முதல்முறை பார்க்க உட்கார்ந்திருக்கும் தம்பியிடம், ஜேனட் லீ பாதிப் படம்கூடத் தாண்டமாட்டாள் என்று டைட்டில் ஓடும்போதே சொல்லிவிடுங்கள். குளியலறைக் காட்சியில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, 'ரத்தம் இல்லடா, சாக்லேட் சிரப்' என்று தோளைத் தட்டுங்கள்.

9. கடைசிப் பாடம் பெரியப்பா.

ஆங்கிலத்தில் ஒரு வரி புரியாமல், 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) படத்தை இரண்டு மூன்று தடவை பார்த்தவர் ஒருவர் எல்லா டீக்கடையிலும் இருப்பார். கிரிகரி பெக் பெயர் அவருக்கு வாயில் நுழையாது, 'அந்த நெட்டையன்' என்பார். ஆனால் விடியற்காலையில் பாறையின் நிழல் நீண்டு நீண்டு போய்ப் பள்ளத்தாக்குக்கு வழி காட்டுவதைக் கையை நீட்டியே காட்டிவிடுவார். டீ ஆற்றுகிறவர் கையும் நின்றுவிடும். பிறகு உங்களிடம் திரும்பிக் கேட்பார்: 'ஏந் தம்பி, கடைசியில அவன் ஏறிப்போற குதிரைப் பையில தங்கம் இருக்குதே, அது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?'

நல்ல கேள்வி. பதில் தேடிப் படத்தை மறுபடி பார்க்கிற எண்ணம் வரும், அடக்குங்கள். 'பெரியப்பா, அது அமெரிக்காவுலேயே ஓடாத படம்' என்று சொல்லுங்கள். 'அப்பிடியா? இங்க பிச்சுக்கிட்டு ஓடுச்சேப்பா' என்பார். இரண்டுமே உண்மை, அதனால் வாதாடாமல் போனை எடுத்து, எத்தனை ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். கடைமுழுக்க அவர் பக்கம் திரும்பி, பூகம்பம் வருகிற இடத்தைச் சொல்லச் சொல்லும். உடனே எல்லோருக்கும் ஒரு டீ சொல்லி வாயை அடையுங்கள். காசை அவர் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.