மாவடு ஜாடியும் சர்வகலாசாலையும்

1937-ஆம் வருஷத்துக் கோடையில், இண்டர்மீடியட் பரீட்சையில் நான் தேறிவிட்டேன் என்ற செய்தியால் மாயவரத்தில் எங்கள் வீட்டில் உண்டான சந்தோஷம், சில நாட்கள் கழித்து இரண்டு தபால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததும் அடியோடு கலைந்து போயிற்று. ஆனர்ஸ் வகுப்பில் இடம் உண்டு என்றது சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜ். எங்களிடமும் உண்டு என்றது சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலை. பெண்ணுக்கு ஒரு வரனும் அமையாத வீட்டில் துக்கம் இருந்தாலும் ராத்திரி தூக்கமாவது வரும். இரண்டு நல்ல வரன்கள் ஒரே வாரத்தில் வந்துவிட்ட வீட்டில் அதுவும் வராது.

இரண்டும் சாமானியமான வரன்கள் அல்ல. சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் பிறந்தது; அதன் குடையின்கீழ் இருந்த பிரஸிடென்ஸி காலேஜோ 1870 முதல் ஒரு செங்கல் மாளிகையில் அமர்ந்து, ஜமீன்தார் திண்ணையிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல் வங்காள விரிகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே படித்த ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்து ஏழு வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணாமலை நகரிலோ சர்வகலாசாலைக்கு வயது எட்டு; என் கடைசித் தங்கையைவிட ஒரு வயது சிறியது. ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் வயல்களுக்கு நடுவே ஸ்தாபித்த அந்த இடத்தில், ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய குருகுலம்போல ஒரே வளாகத்தில் வாசம் செய்தார்கள்.

என் தகப்பனார் கும்பகோணம் காலேஜில் படித்தவர். அதைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று சொல்வதுண்டு. கேம்பிரிட்ஜைத்தான் மேனாட்டுக் கும்பகோணம் என்று சொல்லவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். ஆகையால் நடுநிலைமையோடு தீர்ப்புச் சொல்லத் தமக்கே யோக்கியதை உண்டென்று கருதி, சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரு தரப்பையும் விசாரித்தார். "பிரஸிடென்ஸியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாமிநாதையர் எங்கிருந்து போனார்? கும்பகோணம் காலேஜில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1903-இல் போனார். சிதம்பரத்தில் இப்போது துணைவேந்தராக இருக்கும் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் யார்? நம் வலங்கைமான்காரர், கும்பகோணத்தில் படித்தவர். ஆகவே இரண்டும் நம் கடைக்குக் கிளைக் கடைகள்தாம். எதில் வாங்கினாலும் சரக்கு ஒன்றே!" இந்தத் தீர்ப்பு மிக நேர்த்தியானது; ஆனால் எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் உண்டாகவில்லை.

பாட்டிக்கு இப்படிப்பட்ட தயக்கமே இல்லை. 1914-இல் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனதும், அதற்குப் பயந்து ஓடிவந்த உறவினர்கள் எங்கள் வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து சாப்பிட்டதும் அவளுக்கு நேற்று நடந்ததுபோல. குண்டைக்கூட மன்னித்திருப்பாள்; அரிசியை மன்னிக்கவில்லை. "சமுத்திரத்துக்கு எதிரே பள்ளிக்கூடம் கட்டியவன் புத்தி எப்படிப்பட்டது! எம்டன் மறுபடி வந்தால் இவன் எங்கே ஓடுவான்?" என்று கேட்டாள். ஓடினால் இங்கேதான் வருவான் என்று தகப்பனார் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

அம்மா சென்னைக் கட்சி. அவளுடைய தம்பி திருவல்லிக்கேணியில், காலேஜுக்கு நடக்கிற தூரத்தில் குடியிருந்தார். "தாய்மாமன் வீடு இருக்கும்போது பிள்ளை ஹாஸ்டலில் தின்பானேன்?" என்று சொல்லி, எனக்கே தெரியாமல் மாமாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். நாலாம் நாள் மாமாவின் கார்டு வந்தது. எப்போதும் "க்ஷேமம், க்ஷேமத்துக்கு எழுதவும்" என்பதோடு முடித்து, முக்கால் கார்டைக் காலியாக விட்டு அனுப்பும் மனிதர், இந்தத் தடவை எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் நிரப்பி, இடம் போதாமல் நான்கு ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்ததால், கார்டைச் சக்கரம்போலத் திருப்பித் திருப்பித்தான் படிக்கவேண்டியிருந்தது. சென்னையில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் வந்து விடிவதற்குள் நின்றுவிடுகிறதாம். ட்ராம் வண்டி சப்தத்தில் படிப்பு ஏறாதாம். உப்புக் காற்று மார்புக்கு ஆகாதாம். சிதம்பரமோ சாக்ஷாத் நடராஜப் பெருமான் சந்நிதி. இவ்வளவும் சொல்லி, விலாசத்தை ஒட்டிக் கடைசி வரியில், தாம் ஒண்டிக் குடித்தனம் இருக்கும் ஒற்றை அறையில் இப்போது ஆறு பேர் படுக்கிறோம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சேர்த்திருந்தார். மாமா சிவபக்தர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் உள்ளக்கிடக்கையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கன்னிமரா புத்தகசாலை இருப்பதால் சென்னைதான் உத்தமம் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே எனக்கு இருந்த ஆசை, காலேஜுக்குப் பக்கத்துச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின்மீது. முந்தின வருஷம் சென்னைக்குப் போயிருந்தபோது அந்தக் காலேஜ் மாடி வராந்தாவில் நின்று ஒரு வகுப்பை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய க்ஷணத்தில், அத்தனை தலைகளும் காற்றடித்த நாணல்போல ஒன்றாகக் கடற்பக்கம் சாய்ந்தன. அவர் திரும்பியதும் நிமிர்ந்தன. இப்படி ஒழுங்காக நடக்கும் ஒரு வகுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பஞ்சாங்கமும் கைவிட்டது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்றது. ஆனால் இரண்டு ஊர்களும் எங்களுக்கு வடக்கேதான், அதுவும் ஒரே தண்டவாளத்தில். எங்கள் பக்கத்து ஆதனூர் நந்தனார், சிதம்பரத்துக்கு நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்ற திருநாமம் பெற்றார். நானும் இரண்டு வாரம் அதையேதான் சொன்னேன். பக்தி இல்லாததால் வசவுதான் கிடைத்தது.

கடைசியில் வழக்கைத் தீர்த்தது ஒரு ஜாடி. எனக்கென்று பாட்டி பங்குனியிலேயே போட்டுவைத்த மாவடு, ஒரு சிறு பிள்ளை உள்ளே இறங்கி நிற்கக்கூடிய சீனா ஜாடியில் சுருங்கி ஊறித் தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ராத்திரி முழுவதும் ரயிலில் போய், எழும்பூரில் இறங்கி, ஆறு பேர் படுக்கும் அறையில் எங்கே வைப்பது என்று அம்மாவே கேட்டுவிட்டாள். சிதம்பரம் ஒரு மணி நேரப் பிரயாணம். தகப்பனார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, "ஜாடி போகிற இடத்துக்குப் பையனும் போகட்டும்" என்றார்.

வியாழக்கிழமை புறப்பட்டேன். சிதம்பரத்தில் ஊரும் கோயிலும் தண்டவாளத்துக்கு மேற்கே, சர்வகலாசாலை கிழக்கே. நடுவே லெவல் கிராஸிங்கில் கேட் சாத்தியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாக யோசித்து யோசித்துப் போய் முடிந்ததும், அதுவரை பொறுமையாக இருந்த ஜட்கா குதிரை ஏதோ வைராக்கியத்தோடு ஒரே துள்ளாகத் தண்டவாளத்தைத் தாண்டிற்று. ஜாடி என் டிரங்குப் பெட்டியின்மேல் சாய்ந்து, கழுத்தோடு உடைந்தது.

அரை மணி கழித்து, ஆபீஸில் குமாஸ்தா என் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பிரித்தார். படிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"மாயவரம் பக்கமோ?"

"ஆமாம், ஸார்."

மதிப்பெண்களைப் பார்க்காமலே காகிதங்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "ஜாடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டார்.