கூதிர்கால மின்தடையில் எதிர்வீட்டின் பங்கு: ஒரு திண்ணை ஆய்வு

கரண்டு போனதும் மனிதன் முதலில் என்ன செய்கிறான்? தீப்பெட்டியைத் தேடுகிறான் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஊறிப்போன பிழை. பதினோரு மழைக்காலம் திண்ணையில் உட்கார்ந்து கவனித்ததில் தெரியவந்தது வேறு. அவன் முதலில் வாசலுக்கு வருகிறான். எதிர்வீட்டைப் பார்க்கிறான். அதுவும் இருண்டிருந்தால், "எல்லாருக்கும் போச்சா?" என்று பொதுவாக இருட்டைப் பார்த்துக் கேட்கிறான். "எல்லாருக்குந்தான்" என்று எங்கிருந்தோ பதில் வருகிறது. அப்போது அவன் முகத்தில் நிம்மதி படர்கிறது. (இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். குரலில் தெரியும்.) தீப்பெட்டியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: தன் வீடு இருண்டு, எதிர்வீட்டில் விளக்கெரிந்தால் அது மின்தடை. இரண்டும் இருண்டால் அது வெறும் ராத்திரி.

ஆய்வுக்களம், மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே ஒரு கிராமத்தின் ஒரே தெரு. ஆய்வுக்காலம், ஐப்பசி முதல் தை முடிய. நெறியாளர், என் அப்பாயி. வயது எண்பதைத் தாண்டியவர். எவ்வளவு தாண்டியவர் என்பதில் தகவலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முன்னாய்வுகள் ஏதும் உண்டா என்று இணையத்தில் மூன்று முறை தேடினேன். மூன்று முறையும் கரண்டு இல்லை.

பொருளுக்கு இலக்கணம் வகுக்காமல் மேலே போவது மரபன்று. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. எங்கள் நிலம் மருதம். அதற்குரிய ஒழுக்கம் ஊடல். அதில் குறைவில்லை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு யார் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியிருக்க வேண்டும் என்பதில் தொடங்கி வீட்டுக்கு வீடு ஊடல் நடக்கிறது. ஆனால் கரண்டு போன அடுத்த கணம் மருதத்துக்காரர் அத்தனை பேரும் முல்லைக்குரிய இருத்தலுக்கு மாறிவிடுகிறார்கள். வரும், வரும் என்று வாசலில் காத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டால் அதுவே நெய்தலின் இரங்கலாகிறது. ஒரே தெருவில், ஒரே மாலையில் மூன்று திணை. நிலம் மயங்கலாகாது, ஒழுக்கம் மயங்கலாம் என்று தொல்காப்பியர் விட்டுவைத்த இடம் எங்களுக்காகத்தான் என்று கருத இடமுண்டு.

எதிர்வீட்டுக்கு மட்டும் எப்படி வரும்? ஆய்வின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு வருவது மூன்று பேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பேர். கம்பியில் எந்த நிறமும் இருக்காது. வயல் மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். சாதாரண வீட்டுக்கு ஒன்று போதும், 230 வோல்ட். பாரம் ஒரே பக்கம் சாயாதிருக்க, வீடுகளை மூன்றிலும் பிரித்துக் கட்டியிருப்பார்கள். எங்கள் வீடு மஞ்சள். எதிர்வீடு நீலம். நனைந்த தென்னை மட்டையொன்று கம்பிமேல் விழுந்து மஞ்சளின் பியூஸ் மட்டும் போனால், தெருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருளும். பாக்கி வீடுகளில் சீரியல் ஓடும். அந்தச் சீரியலின் வசனம் அன்றைக்கென்று தெளிவாகக் கேட்பதை நான் பலமுறை பதிவு செய்திருக்கிறேன்.

வசதியுள்ள சிலர் மூன்று பேஸையும் வீட்டுக்குள் இழுத்து, பேஸ் சேஞ்சர் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் போனால் திருகை நீலத்துக்குத் திருப்புவார்கள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மஞ்சளில் இருந்த சேஞ்சர்காரர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் இந்த யோசனை தோன்றும். அத்தனை மோட்டாரும் ஃபிரிட்ஜும் நீலத்தின் தலையில் ஏறும். நீலமும் போகும். பிறகு சிவப்பு. பத்தே நிமிடத்தில் தெருவில் பூரண சமத்துவம் நிலவும். வேறெந்தத் துறையிலும் இவ்வளவு விரைவாக இது நடந்ததாகத் தெரியவில்லை.

மார்கழித் தடை தனி வகை. மழை ஓய்ந்திருக்கும், காற்றும் இருக்காது; ஆனாலும் விடியற்காலை மூன்றுக்கோ நாலுக்கோ போய்விடும். கடலோரத்து உப்பும் தூசியும் பீங்கான் இன்சுலேட்டரில் படிந்திருக்க, அதன்மேல் பனி இறங்கி ஈரமாக்க, கரண்டு அந்த ஈரத்தின் வழியே கசிந்து லைன் டிரிப் ஆகிறது. நல்ல மழை பெய்தால் உப்பு கழுவிப்போய்விடும் என்பதால், கரண்டு நிலைக்க மழை வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஊரால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

இந்நேரத்தில் போர்வையை விட்டு எழாமலே கரண்டு வந்துவிட்டதா என்றறிய ஒரு கருவி உண்டு: மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. மார்கழியில் நாலரைக்கு அது பாட வேண்டும். பாடினால் கரண்டு இருக்கிறது, பாடாவிட்டால் இல்லை. இந்த முறையில் இரண்டு மார்கழி பிழையற்ற தரவு சேகரித்தேன். மூன்றாம் ஆண்டு வெளியூரில் தொழில் செய்யும் ஒருவர் கோயிலுக்கு ஜெனரேட்டர் உபயம் செய்தார். அன்றோடு தரவு கெட்டது, தூக்கமும் கெட்டது.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் அரிதாகிப்போனதால் சிம்னியும் அரிக்கேனும் பரணில் இருக்கின்றன. மெழுகுவர்த்தி, இருக்கும் இடத்தை யாரும் நினைவில் வைத்திராத பொருள். பெட்ரோமாக்ஸை மட்டும் ஒரு வரியில் கடக்க மனம் வரவில்லை. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணியின் கடையில் உதிர்ந்துபோன மேண்டிலைத் தமிழ்நாடே அறியும். அந்த மேண்டில் வகைக்கு வெண்மையாக ஒளிரும் குணத்தைத் தருவது தோரியம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் அதற்காக வந்து அள்ளியது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை. மணல் இங்கிருந்து போய், விளக்காகத் திரும்பி வந்து, கல்யாண வீட்டில் ஈசலைக் கூட்டியது.

இன்வெர்ட்டர் கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கி 1,800 வாட்-மணி. மின்விசிறி இரண்டு 150, விளக்கு இரண்டு 40, ஆக 190 வாட். ஏட்டுப்படி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரவேண்டும். வீட்டுப்படி மூன்று மணி நேரத்தில் கீச்சென்று கத்தத் தொடங்கும். குளிரில் எதற்கு விசிறி என்று வெளியூர்க்காரர் கேட்பார். எங்கள் ஊரில் வெயில் காலத்து விசிறி காற்றுக்கு. மழைக்காலத்து விசிறி கொசுவுக்கு. கழுத்துவரை போர்த்திக்கொண்டு விசிறியை ஐந்தில் வைத்துத் தூங்கும் இனம் நாங்கள்.

கருதுகோளைச் சோதிக்கும் வாய்ப்பு நாங்கள் கேளாமலே வந்தது. 2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. டெல்டாவிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் போயின. தோப்பில் தென்னைகள் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன. அது பற்றி விளையாட்டாக எழுத இன்னும் கை வரவில்லை. அதனால் கரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் முதல் நாள் மாலையே கத்தி ஓய்ந்தது. வாடகை ஜெனரேட்டர் வந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றித் தந்தது. பரணிலிருந்து சிம்னி இறங்கியது. அம்மிமேல் அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள்களும் இறங்கின. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட மின்பணியாளர்கள் வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களுக்கு எங்கள் தெரு முறைவைத்துக் கஞ்சியும் டீயும் கொடுத்தது.

அத்தனை நாளில் எங்கள் தெருவில் கரண்டைப் பற்றிச் சண்டை ஒன்றுகூட இல்லை. எந்த வீட்டுக்கும் எதிர்வீடு இல்லாத காலம் அது. அந்தி சாய்ந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். எட்டு மணிக்கெல்லாம் ஊர் தூங்கியது.

இருபத்துநாலாம் நாள் மாலை நீலம் வந்தது. மஞ்சள் வரவில்லை.

எதிர்வீட்டு டியூப்லைட் இரண்டு முறை கண்ணடித்துவிட்டு எரிந்தது. எங்கள் திண்ணையில் யாரும் பேசவில்லை. அப்பாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தார். "ஒங்களுக்கு இன்னும் வரலையா?" என்று பெரியம்மா வாசலில் நின்று கேட்டார். அது விசாரிப்பா வேறு ஏதுமா என்று வகைப்படுத்த என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் கேட்டதோடு நிற்காமல், அவர் மகன் அரை மணி நேரத்தில் மரக்கிளைமேல் போட்டு ஒரு ஒயரை எங்கள் வீட்டுக்கு இழுத்துவிட்டான். "லைட்டு மட்டும் போட்டுக்குங்க அத்தை, ஒயரு மெலிசு" என்று பெரியம்மா அப்பாயியிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

அடுக்களையில் அம்மா மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தது எனக்குத் தெரியாது. கரண்டு அன்றைக்கு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருபத்துநாலு நாளாக வீட்டில் இட்லி இல்லை. கிரைண்டர் 'உர்' என்று ஒரு சுற்று சுற்றியது. அரை சுற்று இருக்கலாம். எதிர்வீட்டுப் பியூஸ் போன சத்தம் எங்கள் திண்ணைவரை கேட்டது.

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும். பிறகு இருட்டுக்குள்ளிருந்து பெரியம்மா குரல்: "எல்லாருக்கும் போச்சா?"

"எல்லாருக்குந்தாண்டி" என்றார் அப்பாயி. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, திண்ணையிலேயே காலை நீட்டிப் படுத்தார்.