நகராக் கதவியல்: எலப்புள்ளிச் சான்றுகளுடன்

எலப்புள்ளியில் ஸ்லைடிங் கதவு சிக்கிக்கொள்வதற்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. இதை முதலிலேயே நிறுவிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் காற்று அவ்வழியே கோவைக்குப் போகும். கார்த்திகை தொடங்கி வாளையாறு வழியாகத் திரும்பி வரும், வறண்டு, புழுதியோடு. கஞ்சிக்கோட்டில் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்றுதான் எலப்புள்ளியில் கீல் வைத்த கதவைப் படாரென்று அறைகிறது. அதற்குப் பயந்துதான் அலுமினிய ஸ்லைடிங் போடுகிறோம். காற்று முகத்தில் அழுத்தும், கதவோ பக்கவாட்டில் போகும், அறைய வழியில்லை. தோற்ற காற்று சும்மா இருக்குமா? கீழ்ச் சானலில் மண்ணை நிரப்பிவிட்டுப் போகிறது.

இதை ஏற்காத கட்சிகளில் மூத்தது பெரியம்மா கட்சி. "மழைக்கு ஊறிப்போச்சுடா, நாலு வெயில் அடிச்சா தானா சரியாயிரும்." மரக்கதவுக்கு இது முழு உண்மை: ஈரம் குடித்த மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் பருக்கும். அலுமினியம் ஈரம் குடிக்காதே என்றதற்கு, "அந்தக் காலத்து அலுமினியம் குடிக்காது" என்று பதில் வந்தது.

சூட்டில் விரிகிறது என்பாரும் உளர். 2 மீட்டர் அலுமினியம் 20 டிகிரி சூடு ஏறினால் விரிவது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டமும் அதே உலோகம், சேர்ந்தே விரியும். அக்கட்சி இத்துடன் கலைந்தது.

ஆபத்தானது தேங்காய் எண்ணெய்க் கட்சி. விட்ட அன்று கதவு வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு எண்ணெயும் புழுதியும் குழைந்து, அரைத்த சட்னி போல வீலைப் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சியது தோள் கொடுத்துத் தள்ளும் பலக்கட்சி, பெரும்பாலும் மருமகன்கள். 1781இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வென்ற உராய்வு ஆய்வில் இயற்பியலாளர் கூலும், நெடுநேரம் அசையாமல் ஒட்டிக் கிடந்த பரப்புகளைக் கிளப்பக் கூடுதல் விசை வேண்டும் என்று கண்டார். ஆகவே முதல் தள்ளலுக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தடை இருப்பது தரையில், தோள் இருப்பது நாலரை அடி உயரத்தில். தள்ளத் தள்ளக் கதவு சாய்ந்து முன் வீலை மண்ணுக்குள் அழுத்துகிறது. ஒரு மூலையைப் பிடித்து இழுக்கும் மேசை டிராயரில் இது இன்னும் தெளிவு: கை மையத்திலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகிவிட்டால், கணக்கில் விசை இருபுறமும் அடிபட்டுப்போகும். எத்தனை பலம் கொடுத்தாலும் வராது. பலசாலிகளுக்கு இயற்பியல் செய்த இந்த அவமானம் போதிய விளம்பரம் பெறவில்லை.

வைத்தியம் சிறிது. இருவராகக் கதவை மேல் சானலுக்குள் தூக்கி, அடியை வெளியே இழுத்துக் கழற்றுக. வீலில் சுற்றிய முடியை வெட்டுக. சானலைத் துடைத்து, காய்ந்தபின் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுக. கதவு கோணலாக நின்றால், அடியோரத்து ஸ்க்ரூவைத் திருகி வீலை ஏற்றி இறக்கலாம்.

சானலில் தோண்டியெடுத்ததைப் பரப்பிப் பார்த்தால் புழுதியோடு அரிசியும் ஊக்கும் கிடக்கின்றன. இவை வாளையாறு வழியாக வந்திருக்க முடியாது. வீடு கூட்டும்போது குப்பையை வாசலை நோக்கித்தான் தள்ளுகிறோம். அங்கே சானல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மலைக்குப் பாதிப் பழி, துடைப்பத்துக்குப் பாதி. மேலும், சானல் மூலைக்குத் துடைப்பம் எட்டாது. பழைய டூத் பிரஷ்தான் ஏற்ற கருவி. அது நிஜமாகவே பழையதா என்று பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.